ராஜா வீட்டுத் தொட்டிலும் என் பிள்ளையின் பேரும்

எங்கள் ஊர் அரண்மனையில் ஆண் குழந்தை பிறந்தபோது அந்த வீட்டுக்காரர்களைவிட ஊர்க்காரர்கள்தான் அதிகம் துள்ளினார்கள். பெற்றவள் படுத்திருந்தது பெங்களூர் ஆஸ்பத்திரியில். இடுப்பு வலி எடுத்தது என்னவோ எங்கள் மணியக்காரருக்கு. வாசலுக்கும் சாலைக்கும் நடையாய் நடந்து, வருகிற பஸ்ஸையெல்லாம் நிறுத்தி, "அரமனையில ஏதாச்சும் சேதி உண்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இதை எழுத உட்காரும்போதே ஒன்றை முடிவு செய்துவிட்டேன். ஒருவர் பேரையும் எழுதுவதில்லை. ஊர்ப் பேர் கிடையாது, ஆட்கள் பேர் கிடையாது, எல்லா ரகளைக்கும் காரணமான அந்தப் பேரும் கிடையாது. அதை எழுதினால் அது எங்களுடையது என்று இன்னும் நாலு பேர் கிளம்பி வருவார்கள். பட்டது போதும்.

அரண்மனை என்றதும் கோபுரமும் யானையும் கண்ணில் வர வேண்டாம். ஓசூரிலிருந்து ராயக்கோட்டைக்குப் போகும் சாலையில் உத்தனப்பள்ளி தாண்டி, உள்ளே தள்ளிக் கிடக்கும் ஊர் எங்களுடையது. அங்கே கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய ஒரு பெரிய வீடு. பின்கட்டு இரண்டு மழைக்கு முன்பே உட்கார்ந்துவிட்டது. முன்கதவில் பித்தளைக் குமிழ்கள் உண்டு, பாதி காணோம். எந்தக் காலத்திலோ பாளையக்காரர்களாக இருந்தவர்கள், அப்புறம் ஜமீன். ஐம்பதுகளின் ஆரம்பத்தில் சர்க்கார் ஜமீனையும் ஒழித்து, நிலத்தை உழுதுகொண்டிருந்த குடியானவர்களுக்கே பட்டா கொடுத்துவிட்டது. வீட்டுக்காரரை ஊரில் 'தொரை' என்போம், அவர் மனைவியைத் 'தொரசானி' என்போம். இருவரும் பாதி நாள் பெங்களூரில்தான் இருந்தார்கள்.

நான் கல்யாணமாகி வந்த புதிது அது; ஜமீன் ஒழிந்த அன்று ஊர் எப்படி இருந்தது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இதே மணியக்காரர் பட்டாவை மடியில் செருகிக்கொண்டு, "தொலைஞ்சாங்கடா சனியனுங்க" என்று நடுத்தெருவில் நின்று கத்தினார். வாய்க்கு வந்தபடி அரண்மனையின் மூன்று தலைமுறையைத் திட்டினார். அரண்மனைப் புளியந்தோப்பில் கல்லெறிந்து காய் அடித்தவர்களில் அவர் வீட்டுப் பிள்ளைகள் முதல் வரிசை. அந்த வாய்தான் தொரை வீட்டில் குழந்தை என்றதும் தேனாய் ஒழுகியது. அரண்மனையால் அவருக்கு இனி ஒரு பிடி கேழ்வரகுகூடக் கிடைக்கப் போவதில்லை. பயமும் இல்லை, ஆசையும் இல்லை. பின் எதற்கு வாலாட்டினார் என்று கேட்டால், ஆட்டிப் பழகிய வால், சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. வேறென்ன சொல்ல?

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெரு ஊருக்குக் கிழக்கே ஒதுங்கி இருந்தது. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலி செய்கிறவர்கள். பட்டா கொடுத்தபோது எங்களுக்கு ஒரு முழம் நிலம் வரவில்லை, ஏனென்றால் நாங்கள் குடியானவர்கள் கணக்கில் இல்லை. நான் கிருஷ்ணகிரியில் ஒரு மிஷன் விடுதியில் தங்கி எட்டாவது வரை படித்தவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது எங்கள் தெருவில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். கணவருக்கு ஓசூர்ப் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணையில் பால் கறக்கும் வேலை. வாரத்துக்கு ஒரு தடவை வருவார்.

எனக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. பேர் வைக்கக்கூட நேரம் கொடுக்காமல் போய்விட்டன. மூன்றாவது பையன். அவன் பிறந்ததும் என் நாத்தனார் ஓடி வந்து, "இவனை முறத்துல போட்டு, குப்பையில பொரட்டி, அந்தக் குப்பை பேரையே வெச்சுடு. சாவு திரும்பிப் பாக்காது" என்றாள். எங்கள் பக்கம் அது வழக்கம்தான். பிள்ளை தங்காத வீட்டில் குப்பை, மண்ணு, பிச்சை என்று எதையாவது வைப்பார்கள். நான் முடியாது என்றேன். இரண்டு பிள்ளைகளைப் பேரில்லாமலே மண்ணில் போட்டவள் நான். இவனையாவது வாய் நிறையக் கூப்பிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மலைமேல் இருக்கும் சாமியின் பேரை வைத்தேன். நீளமான பேர். பாதியில் ஒடிக்காமல் முழுசாகக் கூப்பிடுவேன்.

எங்கள் தெருவில் யாருக்கும் முழுப் பேர் நிலைத்ததில்லை. என்ன பேர் வைத்தாலும் வயலுக்குப் போகிற வழியில் ஊர்க்காரர்கள் அதை ஒடித்து, கடைசியில் ஒரு 'டா' சேர்த்து, இரண்டு எழுத்தாக்கிக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதனால் நான் கூப்பிடுவதைக் கேட்டு களை எடுக்கிற பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். "என்னாடி, கோர்ட்டுக் கச்சேரியில சாட்சிக்குக் கூப்பிடற மாதிரி கூப்பிடறே?" என்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். என் பிள்ளை திரும்பிப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து சிரிப்பான், எனக்கு அது போதும்.

அவன் தவழ ஆரம்பித்த சமயம்தான் அரண்மனைக் குழந்தை பிறந்தது. பெங்களூரிலிருந்து காரில் கொண்டு வந்தார்கள். தொட்டிலில் போட்டுப் பேர் வைக்கிற நாளன்று ஊரே அரண்மனை வாசலில் நின்றது. நாங்கள் வாசலுக்கும் வெளியே, சாணிக் குழி ஓரம். உள்ளே மந்திரம் சொல்லி முடிந்ததும், எங்கள் தெருவில் தப்படிக்கிறவர், என் கணவருக்குச் சித்தப்பா முறை, அவர் தெலுங்கில் ஒரு தரம், கன்னடத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம் என்று அடித்துச் சொன்னார். இன்ன பேர் வைத்திருக்கிறார்கள் என்று.

அது என் பிள்ளையின் பேர். எழுத்து மாறாமல் அதே பேர். பின்னால் மட்டும் ராஜா, பகதூர் என்று வால் மாதிரி ஏதேதோ.

இடுப்பில் இருந்தவன் தன் பேர் கேட்டதும் தப்புச் சத்தம் வந்த பக்கம் திரும்பினான். பக்கத்தில் நின்றவள் என்னை முழங்கையால் இடித்து, "யம்மா, உன் பொழப்பு போச்சுடி" என்றாள். எனக்கு அப்போது புரியவில்லை. நல்ல பேர், அவர்களும் அதையே வைத்திருக்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாளே ஊருக்குப் பைத்தியம் பிடித்தது. ஓசூர் பஸ்ஸுக்காக நான் சாலை ஓரத்தில் நின்றிருந்தேன். பக்கத்தில் டீக்கடை. உள்ளே தெலுங்கு பேசும் மளிகைக்கடைக்காரர் ஒருவர், "மன பேரு, மன பேரு" என்று மார்பைத் தட்டினார். நம்ம பேராம். அரண்மனை தெலுங்கு பேசுவதால் அது தெலுங்குப் பேராம். ஆடு வாங்க வந்த கன்னடக்காரர் ஒருவர், "ஏனய்யா, அது நம்ம ஹெசரு. மைசூர்ப் பக்கம் வந்து பாரு, வீட்டுக்கு ஒருத்தன்" என்று எழுந்தார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் விடுவாரா? "இது சுத்தமான தமிழ்ப் பேரு" என்று மேசையைக் குத்தினார். குத்தின வேகத்தில் டீ சிந்தி அவர் வேட்டியே நனைந்தது. தமிழ்நாட்டில் எத்தனை கோயில் உண்டோ அத்தனையையும் துணைக்கு இழுத்தார். பேச்சு ஏறி ஏறி ஒருவர் துண்டை ஒருவர் பிடிக்கிற வரை போனது. தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்கு அப்போது ஒரு பாஷையும் தெரியாது.

கிணற்றடியில் இன்னும் மோசம். குடியானத் தெருப் பெண் ஒருத்தி, பேர் வைப்பதற்கு முந்தின நாளே சாமி தன் கனவில் வந்து அந்தப் பேரைச் சொல்லிவிட்டுப் போனார் என்றாள். உடனே இன்னொருத்திக்கும் அதே கனவு வந்துவிட்டது. சாமிக்கு வேறு வேலையே இல்லை போலிருக்கிறது. "பேரைக் கேட்டதும் எனக்கு மயிர் கூச்செறிஞ்சு போச்சு" என்று ஒருத்தி கையை நீட்டிக் காட்டினாள். குளிர் காலம், விடிகாலைக் கிணற்றுத் தண்ணீர், கூச்செறியாமல் என்ன செய்யும்? இவர்களே குடத்தைத் தூக்கிக்கொண்டு நாலடி போனதும், "ஆனா தாத்தன் பேரை வெக்காம வுட்டுட்டாங்களே, வெளங்குமா?" என்று குசுகுசுத்தார்கள். முன்னால் கும்பிடு, பின்னால் குசுகுசு. எங்கள் ஊர்ப் பக்தி எப்போதும் அப்படித்தான்.

நாங்கள் தள்ளி நின்று எங்கள் முறை வருகிறவரை கேட்டுக்கொண்டிருந்தோம். யாரும் என் பிள்ளையைப் பார்க்கவில்லை. மூன்றாவது நாள்தான் பார்த்தார்கள்.

அந்தச் சீமையில் ஒரு வழக்கம் இருந்தது. 'பேர் விடுவது' என்பார்கள். அரண்மனையில் ஒரு பிள்ளைக்குப் பேர் வைத்தால், அதே பேர் கொண்ட மற்றவர்கள் அந்தப் பேரை விட்டுவிட வேண்டும். வெற்றிலை பாக்கோடு அரண்மனை வாசலில் போய் நின்று, தலையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, "விட்டேன், விட்டேன்" என்று சொல்ல வேண்டும். மணியக்காரர் வேறு ஒரு பேர் சொல்லுவார், அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். ராஜாவைக் கூப்பிடுகிற பேரால் இன்னொருவனைத் திட்டிவிடக் கூடாதாம், அதற்காக. ஜமீனே போய்விட்ட பிறகு இந்த வழக்கமும் போயிருக்கும் என்று நான் நினைத்தது என் முட்டாள்தனம்.

சுற்றுவட்டாரத்தில் அந்தப் பேரோடு அப்போது மூன்று ஜீவன்கள் இருந்தன. பல்லெல்லாம் கொட்டிப்போன ஒரு கிழவர், ஒரு உழவு மாடு, என் பிள்ளை.

கிழவர் சந்தோஷமாகப் போய்ப் பேரை விட்டார். பேர் விட்டதற்கு ஒரு புது வேட்டி தந்தார்கள். "இன்னொரு பேரு இருந்தா அதையும் வுட்டுடறேன் சாமி" என்று அவர் சொன்னதாக ஊரெல்லாம் பேச்சு. மாட்டுக்குச் சொந்தக்காரர் அதன் கொம்புக்கு மாலை போட்டுக் கூட்டிப்போனார். மாடு 'விட்டேன்' என்று சொல்ல முடியாதே என்று ஒரு சர்ச்சை கிளம்பியது. கடைசியில் மாட்டுக்குப் பதிலாக அவரே சொன்னார். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், இதைப் பெரியவர்கள் பத்துப் பேர் கூடி, முகத்தில் சிரிப்பே இல்லாமல் செய்தார்கள்.

பிறகு என்னிடம் வந்தார்கள். வந்தார்கள் என்றால் எங்கள் தெருவுக்குள் அல்ல. தெரு முனையில் இருக்கும் புங்க மரத்தடியில் நின்றுகொண்டு சித்தப்பாவை விட்டு என்னைக் கூப்பிட்டார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன்.

"ஏ புள்ள" என்றார் மணியக்காரர். "வர்ற வெள்ளிக்கெழமை உன் பையன் பேரை வுட்டுடணும். வெத்தலை பாக்கு நானே குடுத்துடறேன்."

"எதுக்குங்கையா வுடணும்?"

"அரமனைக் கொழந்தைக்கு அந்தப் பேரு வெச்சுட்டாங்க இல்ல?"

"என் புள்ளைக்கு அதுக்கு முன்னாடியே வெச்சாச்சுங்களே. அவுங்கதான் வேற பாத்து வெச்சிருக்கணும்."

கூட வந்தவர்களில் ஒருவர் "அடிப்பாவி" என்று வாயைப் பொத்திக்கொண்டார். சித்தப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். மணியக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது.

"நாலு எழுத்து படிச்சா வாய் இப்பிடித்தான் நீளும். நாளைக்கி நான் உன் பையனை வயல்ல, டேய் இன்னாரேன்னு கூப்பிட்டா அது யாரைக் கூப்பிட்ட மாதிரி இருக்கும்?"

"என் புள்ளையைக் கூப்பிட்ட மாதிரிதான் இருக்கும். 'டேய்' போடாம கூப்பிட்டுப் பாருங்க, இன்னும் நல்லாருக்கும்."

"ஏய்!"

"சாமி பேருதானுங்களே ஐயா? மலைமேல இருக்கறவரும் அதே பேரோடதான் நிக்கிறாரு. மொதல்ல அவரை எறக்கிக் கூட்டிக்கினு வந்து பேர் வுடச் சொல்லுங்க. அவரு வுட்டா நானும் வுடறேன்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்துவிட்டேன். நான் திரும்பும்போது அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாரே, அதை இப்போது நினைத்தாலும் வயிறு குளிர்கிறது.

என்னை அடிப்பார்கள், வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். அறுவடை நேரம், ஆள் வேண்டும், அதனால் அது எதுவும் நடக்கவில்லை. வேறு ஒன்று செய்தார்கள். என் பிள்ளையை அந்தப் பேர் சொல்லி யாரும் கூப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர் பத்துப் பேருக்குச் சொன்னார். கேட்டவர்கள் நூறு பேராய்க் கடைப்பிடித்தார்கள். எங்கள் தெருவும் சேர்த்துத்தான். எங்கள் ஆட்களுக்காவது சொரணை இருக்கும் என்று நினைத்தேன். தண்ணீர் எடுக்க வரும்போது, "உன் பையன் எப்பிடி இருக்கறான்?" என்பார்கள். பிள்ளைகள் அவனை, "ஏ, இவனே" என்பார்கள். நாத்தனார் அவனை முறத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "நான் அப்பவே சொன்னேன்" என்று வாரம் ஒரு தடவை சொல்லுவாள்.

கணவரிடம் சொன்னேன். அவர் பயந்த சுபாவம். பண்ணையில் நாற்பது மாட்டுக்கு நடுவில் நின்று பழகியவர், மனிதர்களைக் கண்டால் பின்வாங்குவார்.

"பேருதானே புள்ள? சோறா போடப் போவுது?" என்றார்.

"சோறு நான் போடறேன்யா. நீ பேரைச் சொல்லிக் கூப்பிடு, போதும்."

வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்தினார். பிள்ளையின் காதுக்குப் பக்கத்தில் போய்த் திருட்டுச் சாமான் விலை கேட்கிறவர் மாதிரி முணுமுணுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த சொம்பைத் தரையில் எறிந்தேன். பெற்ற பிள்ளையைக் கூப்பிட ஒரு ஆம்பிளைக்குக் கதவைச் சாத்த வேண்டியிருக்கிறது! அன்று நான் அவரோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு நான் வேண்டுமென்றே சத்தமாகக் கூப்பிட ஆரம்பித்தேன். வயல் வரப்பிலும் கூப்பிடுவேன், சந்தையிலும் கூப்பிடுவேன். நான் கூப்பிட்டதும் சுற்றி இருப்பவர்கள் காதில் ஈயம் விழுந்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தொண்டை கட்டுகிற வரை கூப்பிடுவேன்.

அம்மை குத்துகிறவர் ஊருக்கு வந்தபோதுதான் எனக்கு மனசு உடைந்தது. வெளியூர்க்காரர். புங்க மரத்தடியில் பெட்டியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு குழந்தைக்கும் பேர் கேட்டுக் கேட்டுக் குத்தினார். கூட்டம். என் முறை வருவதற்குள் எனக்கு முன்னால் நின்ற பக்கத்து வீட்டுக்காரி, நல்லவள்தான், எனக்குப் பிரசவம் பார்த்தவளே அவள்தான், என் பிள்ளையைக் கையில் வாங்கி முன்னால் நீட்டினாள்.

"பேரு?" என்று அவர் கேட்டார்.

"இதுக்குப் பேரு கெடையாதுங்க" என்றாள் அவள்.

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மண்ணில் போட்ட இரண்டையும் அவள்தான் குளிப்பாட்டினாள். அப்போதும் குழி தோண்ட வந்த சித்தப்பா பேர் கேட்டபோது இதே குரலில், இதே வார்த்தையைத்தான் சொன்னாள். உயிரோடு கையைக் காலை உதைத்துக்கொண்டிருக்கிற பிள்ளையை அந்த இரண்டோடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். நேராக அரண்மனைக்கு நடந்தேன்.

இந்த வழக்கத்துக்கு வேர் அங்கேதான் என்று நினைத்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் கோத்துக்கொண்டே போனேன். உங்களுக்கு நிலம் போச்சு, கிஸ்தி போச்சு, பேரையாவது ஜப்தி செய்யலாம் என்று பார்க்கிறீர்களா? இப்படி.

வாசல் காவல்காரர் தடுத்தார். நான் போட்ட சத்தத்தில் உள்ளேயிருந்து, "எவரு அது?" என்று குரல் வந்தது. முற்றத்தில் போய் நின்றேன். தொரசானி ஊஞ்சலில் உட்கார்ந்து கம்பளி நூலில் ஏதோ பின்னிக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு வயசு கூட இருந்தால் அதிகம். பக்கத்தில் பாய் விரித்துக் குழந்தை. ஆயா ஒருத்தி கிலுகிலுப்பையை ஆட்டி, "பேபி, பேபி, இங்கே பாரு பேபி" என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

கோத்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. நடந்ததை மட்டும் சொன்னேன். கிழவர், மாடு, புங்க மரத்தடி, அம்மை குத்துகிறவர், எல்லாம். தொரசானி பின்னுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். மாட்டுக்கு மாலை போட்ட இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

"அய்யோ தேவுடா! இப்பிடி எல்லாம் ஒரு வழக்கமா? எனக்குத் தெரியவே தெரியாதே!" என்றார். "யாரு கேட்டாங்க இவங்களை? வாசல்ல யாரோ தண்ணி ஊத்திக்கிறாங்கன்னு சொன்னாங்க. ஏதோ வேண்டுதல்னு நெனச்சேன்."

"அந்தப் பேரு உங்க கொழந்தைக்கு வெச்சதாலதானுங்களே."

"அது ஜோசியர் குடுத்த பேரும்மா. எனக்கே முழுசா வாயில வராது. எங்க வீட்டுல யாரு அப்பிடிக் கூப்பிடறாங்க? பேபிதான்."

எந்தப் பேருக்காக ஊர் துண்டைப் பிடித்துச் சண்டை போட்டதோ, எந்தப் பேரை என் பிள்ளைக்குச் சொல்லக்கூடாது என்று நூறு பேர் வாயைக் கட்டிக்கொண்டார்களோ, அந்தப் பேர் அந்த வீட்டில் யாருக்கும் வேண்டாம். அதை அவர்கள் ஒரு நாள்கூட வாயால் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

"உன் பிள்ளைக்கும் அதேவா?" என்று தொரசானி என் இடுப்பைப் பார்த்தார். கோழியைத் தள்ளுகிற மாதிரி கையை ஆட்டினார். "வெச்சுக்கோ, வெச்சுக்கோ."

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. வெச்சுக்கோவாம். "நீங்க குடுத்து வெச்சுக்கணுமுங்களா? என்னுதுதானுங்களே அது?" என்றேன். அவர் கேட்கவில்லை. குழந்தை கிலுகிலுப்பையை வாயில் போட்டுக்கொண்டது, எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். வாசலில் நின்ற காவல்காரர் மட்டும் ஒரு வார்த்தையைச் சரியாகக் காதில் வாங்கியிருந்தார். நான் சொன்னதை அல்ல.

மறுநாள் பொழுது விடிந்ததும் தெருவில் தப்புச் சத்தம். தொரசானியம்மா பெரிய மனசு பண்ணி, அரண்மனைப் பேரை இன்னார் பிள்ளைக்குத் தானமாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று சித்தப்பா மூன்று பாஷையில் அடித்துச் சொல்லிக்கொண்டு வந்தார். பின்னால் மணியக்காரர், வாத்தியார், கனவு கண்ட பெண்கள், மளிகைக்கடைக்காரர். கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு அச்சு வெல்லம். புங்க மரத்தடியில் நின்று என்னைக் கூப்பிட்டார்கள்.

"பாத்தியா புள்ள, பெரிய எடத்து மனசை? நீ வாயாடினே. அவுங்க பேரையே தூக்கிக் குடுத்துட்டாங்க" என்றார் மணியக்காரர். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. அதற்கு நான் என்ன செய்வது!

"குடுக்கலைங்க. அவுங்களுக்கு அந்தப் பேரே வேணாம். கொழந்தையை பேபின்னுதான் கூப்பிடறாங்க" என்றேன்.

"கேட்டீங்களா?" என்று அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "அவுங்க கொழந்தைக்குக்கூட வெச்சுக்காம இவனுக்குக் குடுத்திருக்கறாங்க!"

கூட்டம் "அட, அட" என்றது. பக்கத்து வீட்டுக்காரி அரண்மனைத் திசை பார்த்துக் கும்பிட்டாள். புது வேட்டி கட்டியிருந்த கிழவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "அப்போ என் பேரும் திரும்பி வருமா சாமி?" என்று கேட்டார். "வேட்டியைத் திருப்பிக் குடு" என்றார் மணியக்காரர். கிழவர் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்விட்டார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "இந்தத் தட்டை எடுத்துக்கினு போங்க. என் புள்ளை பேரை எனக்கே தட்டுல வெச்சுக் குடுக்கறீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்ல?" என்று கேட்டேன். அப்போது பார்த்து, பண்ணையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய என் கணவர், பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். துண்டை இடுப்பில் கட்டினார். குனிந்து, இரண்டு கையாலும் அந்தத் தட்டை வாங்கிக்கொண்டார்.

வாங்கினதும் ஊர் முழுவதும் ஒரே குரலில் என் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. அதுவரை அநேகமாக என் வாயிலிருந்து மட்டுமே அதைக் கேட்டிருந்தவன், பயந்து வீறிட்டு என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"பேருதான் கெடைச்சிடுச்சே, இன்னும் என்னா கோவம்?" என்று என் கணவர் அன்று முழுக்கக் கேட்டார். விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்கிற ஆளா? வெல்லத்தை உடைத்துத் தெருவுக்கே பங்கு வைத்தார். எனக்கும் ஒரு துண்டு வைத்தார். தெருவில் நின்ற மாட்டுக்குப் போட்டேன்.

அப்புறம் எல்லாரும் அவனைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். முழுசாக, ஒடிக்காமல், 'டா' போடாமல். எங்கள் தெருவில் வேறு யாருக்கும் நடக்காத மரியாதை. அரண்மனைப் பேர் அல்லவா. சில வருஷத்தில் தொரை குடும்பம் பெங்களூரோடே போய்விட்டது. வீட்டைப் பூட்டிவிட்டார்கள், கதவில் மிச்சம் இருந்த குமிழ்களையும் யாரோ பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஊர் மட்டும் விடவில்லை. புதிதாக யார் வந்தாலும் என் பிள்ளையைக் காட்டி அந்தக் கதையைச் சொல்லும்.

அவன் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தான். மூச்சு வாங்குகிறது, முகமெல்லாம் சிரிப்பு. வாத்தியார் அவனை எழுந்து நிற்கச் சொல்லி, பெரியவர்களின் தாராள குணம் என்று வகுப்புக்கே பாடம் நடத்தியிருக்கிறார்.

"யம்மா, எனக்குப் பேரு குடுத்தது தொரசானியம்மாவாமே! நீ சொல்லவே இல்ல!"

அடுப்பை அணைத்துவிட்டு அவனை உட்கார வைத்தேன். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டையும் சொன்னேன். முறத்தில் போடச் சொன்னதை, மலைமேல் சாமியை, தெரு முனையில் நான் பேசியதை, ஊர் வாயைக் கட்டிக்கொண்டதை, வரப்பில் நின்று தொண்டை கட்டக் கூப்பிட்டதை, எதையும் விடவில்லை. கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தான். புத்திசாலிப் பிள்ளை. முடித்ததும் கன்னத்திலிருந்து கையை எடுத்தான்.

"அப்போ அவுங்க வெச்சுக்கோன்னு சொல்லாம இருந்திருந்தா?" என்று கேட்டான்.

"சொல்லாட்டி என்னா? நான் அதே பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கினுதான் இருந்திருப்பேன்."

"நீ ஒருத்திதானேம்மா கூப்பிட்டிருப்பே?"

ஊரையே நாக்கால் அடித்தவள், திரும்பி அணைத்த அடுப்பை மறுபடி மூட்டினேன். ஆமாம், நான் ஒருத்திதான் கூப்பிட்டிருப்பேன்.